உப்புக்காற்றில் ஒரு கேஸ் அடுப்பு

கோடியக்கரையில் எதைத் தொட்டாலும் உப்பு. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, வடக்கே வேதாரண்யத்து உப்பளங்கள். காலையில் துடைத்த ஜன்னல் கம்பி மாலைக்குள் பிசுபிசுத்துவிடும். சைக்கிள் செயின், கதவுக் கீல், மீன் நிறுக்கும் தராசு இவையெல்லாம் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் விடுவார்கள், முடியாவிட்டால் மாற்றுவார்கள். அடுப்பு மேடைக்குக் கீழே, சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இருட்டில் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. அதைப் பார்க்கத்தான் ஐப்பசி பிறந்த கையோடு, வேதாரண்யத்து அடுப்பு மெக்கானிக் ஒருவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

ஐப்பசிக்குக் காரணம் உண்டு. அக்டோபரில் இங்கே மீன்பிடிப் பருவம் தொடங்குகிறது. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து படகும் வலையும் சட்டி பானையுமாக வந்து இறங்கும் மீனவர்கள், கொட்டகை போட்டு மார்ச் வரை தங்குவார்கள். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் இறங்கும்; புயல் பயமும் கூடவே வரும். வெயில் காலம் முழுக்கத் திறந்து கிடந்த அடுப்படிக் கதவுகளைச் சாத்திக்கொண்டு சமைக்கிற நாட்கள் அவை. "தீபாவளிக்கு முன்னாடி ஒரு வாரம் எனக்கு இந்தப் பக்கம்தான் சார் பொழப்பு" என்றார் மெக்கானிக்.

இந்த ஊரில் கேஸ் அடுப்புக்கு இன்னொரு கதையும் உண்டு. கோடியக்காடு 1967-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, காட்டுக்குள் போய் விறகு பொறுக்குவது பழைய மாதிரி சுலபமாக இல்லை. பிறகு, 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்பு. அதற்கும் பிறகு, 2016 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா இணைப்பு. அடுப்பு வந்துவிட்டது. அதை எப்படி மூட்டுவது, எப்படி அணைப்பது, எப்போது பழுது பார்ப்பது என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு செவிவழியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சிலிண்டர் மேல் எழுதியிருப்பது

குழகர் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு காங்கிரீட் வீடு. அந்த வீட்டு அக்கா அப்போதுதான் புது சிலிண்டர் வாங்கி வைத்திருந்தார். மெக்கானிக் அடுப்பைத் தொடவில்லை. முதலில் சிலிண்டர் முன் குந்தி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கும் பட்டைகளின் உட்புறம் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் பெயின்டில் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்தில் இருப்பது ஆண்டு. டி-29 என்றிருந்தால், 2029 கடைசிக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போயாக வேண்டும். அந்தக் காலம் தாண்டிய சிலிண்டரைக் கொண்டு வந்தால் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை உண்டு. இன்னொரு பட்டையில் வெறும் சிலிண்டரின் எடை இருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை. 15.6 என்று எழுதியிருந்தால் தராசு 29.8 காட்ட வேண்டும். கொண்டு வருபவர் தராசு வைத்திருக்க வேண்டும். கேட்டால் நிறுத்துக் காட்ட வேண்டும்.

"எடை பாக்குற வீடு நூத்துல ஒண்ணு சார். மூடியக் கழட்டி உள்ள பாக்குற வீடு அதுவும் இல்ல." சொல்லிக்கொண்டே நைலான் கயிற்றைப் பிடித்து வெள்ளை மூடியைக் கழற்றினார். வால்வுக்குள் விரல் நுனி போகும் அளவு பள்ளம். அதன் உள்விளிம்பில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். வாஷர் என்கிறார்கள். ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவே கேஸ் கசியாமல் பிடித்துக்கொள்வது இந்த வளையம்தான். இது இல்லாவிட்டாலும், நசுங்கியோ வெடித்தோ இருந்தாலும், எவ்வளவு நல்ல ரெகுலேட்டரை மாட்டினாலும் வால்வு வாயிலேயே சீறும். சிலிண்டர் கொண்டு வருபவர் வாசலில் நிற்கும்போதே மூடியைத் திறந்து இந்த வளையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், ராத்திரி பதறி ஓட வேண்டிய வேலை பாதி மிச்சம்.

ரெகுலேட்டரை மாட்டும் முறையை அக்காவையே செய்யச் சொன்னார். திருகு அணைத்த நிலையில் இருக்க வேண்டும். அடியில் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் வளையத்தை விரல்களால் மேலே தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் வைத்து லேசாகத் திருகி அழுத்தி, வளையத்தை விட வேண்டும். 'டக்' என்று சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிட்டது. கேட்காவிட்டால் எடுத்து மறுபடி மாட்ட வேண்டும். அக்கா மாட்டினார், சத்தம் வந்தது. "இத்தன வருஷம் இந்தச் சத்தத்துக்கு இவ்ளோ அர்த்தம் இருக்குன்னு தெரியாது தம்பி" என்றார்.

ஒன்றரை மீட்டர்

சிலிண்டர் எஃகு. அடுப்பும் உலோகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றரை மீட்டருக்கு மிகாத ரப்பர் குழாய். அதற்குத்தான் யாரும் பயப்படுவதில்லை. 'சிலிண்டர் வெடித்து வீடு தரைமட்டம்' என்று செய்தி போடுகிறோம். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சிலிண்டர் முழுதாக மூலையில் நின்றுகொண்டிருக்கும். வெடித்தது அறையில் தேங்கிய கேஸ். அது வெளியே வந்த வழி டியூப், வாஷர், அடுப்புத் திருகு இவற்றில் ஒன்று.

ஆரஞ்சு நிற டியூப்பின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேதியும் அச்சிட்டிருக்கும். உள்ளே எஃகுக் கம்பி வலை. 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் சொல்லும் கணக்கு. அக்கா வீட்டு டியூப்புக்கு அந்தக் கணக்குப்படி இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. மெக்கானிக் அடுப்பைச் சற்று முன்னால் இழுத்து, பின்புறம் டியூப் செருகியிருக்கும் மூக்கைக் காட்டினார். நழுவாமல் இருக்கட்டும் என்று யாரோ கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருக்கிறார்கள். உப்புக்காற்றில் கம்பி துருவேறி, ரப்பரைக் கவ்வி, உள்ளே பதிந்துவிட்டது. அந்த இடத்தை இரண்டு விரலால் மடக்கினார். மேல்தோல் பிளந்து, வறண்ட குளத்து மண் போல வெடிப்பு தெரிந்தது. வெடிப்புக்குள் எஃகு வலை பழுப்பு நிறத்தில்.

"தேதி பாக்கி இருக்குன்னா டியூப்புல உசுரு பாக்கி இருக்குன்னு அர்த்தம் இல்லக்கா."

எனக்கு இந்த ஊரைப் பற்றிக் கிடைத்த முதல் பாடம் அது. 5 ஆண்டு என்பது அதற்கு மேல் போகக் கூடாது என்கிற எல்லை. அதுவரை தாங்கும் என்கிற உத்தரவாதம் இல்லை. எல்லா ஊருக்கும் பொதுவாக அச்சடித்த தேதிக்குக் கடற்கரையின் காற்று தெரியாது. ஆகவே இங்கே தேதியைப் பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் டியூப்பின் இரு முனைகளையும் மடக்கிப் பார்த்துவிட வேண்டும். வெடிப்பு, மெழுகு போன்ற பிசுக்கு, எலி கடித்த தடம், அடுப்பு மேடை விளிம்பில் உரசிய தேய்மானம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் டியூப் மாற வேண்டும். அழுக்குப் படியாமல் இருக்க டியூப்புக்குத் துணிச் சட்டை தைத்துப் போடுவது பல வீடுகளில் பழக்கம். அழுக்கு மறைகிறதோ இல்லையோ, வெடிப்பு மறைந்துவிடும். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண பச்சைக் குழாயும் இரண்டு துண்டை ஒட்டுப்போட்ட குழாயும் கூடவே கூடாது.

புது டியூப்பை மாட்டிய பிறகு சோதனை. அடுப்புத் திருகுகள் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்தார். பாட்டிலில் கொண்டு வந்த சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டர் அடியிலும், டியூப்பின் இரண்டு முனையிலும், அடுப்புத் திருகுகளின் கழுத்திலும் விரலால் தடவினார். மூன்று இடத்தில் ஒன்றுமில்லை. இடது பக்கத் திருகின் கழுத்தில் மட்டும் கடுகளவு குமிழிகள் மெதுவாக ஊதி உடைந்தன. "தீக்குச்சி கொளுத்திக் காட்டிப் பாத்தா தெரிஞ்சிரும்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு" என்றார் அக்கா. மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். கசிவைத் தேட நெருப்பைக் கொண்டு போகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

மூக்கு மட்டும் போதுமா?

சமையல் கேஸுக்குத் தன்னளவில் வாடை சொல்லும்படி கிடையாது. அழுகிய வெங்காய வாடை தரும் மெர்காப்டான் என்கிற கந்தகச் சேர்மத்தைக் கொஞ்சம் கலந்து அனுப்புகிறார்கள். அப்படிக் கலக்கும் வழக்கம் கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு பெரும் சோகம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில், வாடையே இல்லாத இயற்கை எரிவாயு கசிந்து தேங்கி வெடித்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தார்கள். அதன் பிறகுதான் எரிவாயுவில் வாடை சேர்க்க வேண்டும் என்று சட்டங்கள் வந்தன.

காற்றில் 100-க்கு 2 பங்கு அளவுக்குக் கேஸ் கலந்தால் தீப்பிடிக்கும் நிலை. அதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே வாடை தெரிந்துவிட வேண்டும் என்பது கணக்கு. பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்ளுங்கள், உயரமும் பத்தடி. அந்த அறை முழுக்க 2 பங்கு கலக்க ஒன்றேகால் கிலோ கேஸ் கசிந்தால் போதும். நிறை சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அறை முழுக்கக் கலக்க வேண்டிய அவசியமும் கிடையாது. இந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. கசிந்தால் கூரைக்கு ஏறாது. தரையோடு பரவி, பள்ளத்தில் தேங்கி, வாசற்படியைத் தாண்டி நகரும். நின்றபடி முகர்கிறவர் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே முழங்கால் உயரத்துக்குத் தேங்கியிருக்கலாம்.

கோடியக்கரையில் மூக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பருவம் முழுக்கக் கருவாடு காயும் ஊர் இது. "காலையிலேருந்து கருவாட்டுல நின்னா எனக்கு எந்த நாத்தமும் ஏறாது" என்றார் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த அப்பாயி. பேச்சுக்குச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. கடும் வாடையில் ஊறிய மூக்குக்கு இன்னொரு வாடை சட்டென்று பிடிபடாது. ஆகவே இந்த ஊர்க்காரர்களுக்கு மூக்கைவிடச் சோப்புத் தண்ணீர் நம்பகமான ஆள்.

அடுப்பைப் பிரித்தபோது

பழுது பார்க்கும் முன் மெக்கானிக் கேஸை நிறுத்திய விதம் கவனிக்க வேண்டியது. ஒரு பர்னரைப் பற்றவைத்தார். எரியும்போதே ரெகுலேட்டர் திருகை மூடினார். டியூப்பில் மிச்சமிருந்த கேஸ் எரிந்து தீர, நாக்கு சிறுத்துச் சில நொடிகளில் தானே அணைந்தது. பிறகுதான் அடுப்புத் திருகை மூடினார். டியூப் காலி. ராத்திரி படுக்கப் போகும் முன் எல்லா வீட்டிலும் இதே வரிசையில் அணைக்கலாம். அடுப்புத் திருகை மட்டும் மூடிவிட்டுப் போனால், விடியும் வரை அந்த ஒன்றரை மீட்டர் ரப்பரும் திருகின் கழுத்தும் கேஸ் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பர்னரைத் தூக்கியதும் அடியில் கெட்டியாகக் காய்ந்த சோற்றுக் கஞ்சி. பித்தளைத் தலையில் பாதித் துளை அடைத்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்த்து, ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்து, வெயிலில் காய வைத்தார். இதுவரைதான் வீட்டில் நாமே செய்யலாம். பர்னர் முழுதாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

அதற்குக் கீழே இருப்பது ஜெட். மயிரிழை போன்ற துளை. அதில் ஊசி விடக் கூடாது. துளை பெரிதானால் கேஸ் அதிகமாக வரும், அதற்கேற்ற காற்று கலக்காது, தீ மஞ்சளாகிக் கரி கக்கும். மெக்கானிக் தன் பையிலிருந்து எடுத்த கம்பி, ஊசியைவிடப் பல மடங்கு மெல்லியது. குமிழி விட்ட இடது திருகைக் கழற்றினார். உள்ளே கூம்பு வடிவப் பித்தளைத் துண்டு; அதைச் சுற்றி இருக்க வேண்டிய கிரீஸ் காய்ந்து பொடியாகி, ஓரத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. திருகு இறுகிப்போனதால் அக்கா சில மாதங்களாக இடுக்கி போட்டுத் திருப்பியிருக்கிறார். துடைத்து, இதற்கென்று உள்ள கிரீஸைத் தடவி மாட்டியதும் இரண்டு விரலுக்குத் திரும்பியது. தேங்காய் எண்ணெயோ சைக்கிள் எண்ணெயோ விட்டால் சூட்டில் கருகி இன்னும் மோசமாகும். திருகு இறுகினால் பலத்தைக் காட்டுவதை விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

மறுபடி சோப்புத் தண்ணீர். குமிழி இல்லை. பற்றவைத்தார்: லைட்டரை முதலில் பர்னர் அருகே கொண்டு போய், பிறகு திருகைத் திறந்து. திருகைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடுவது நம் அடுப்படிகளின் நித்திய வழக்கம். அந்தச் சில நொடிகளில்தான் முகம் கருகுகிறது.

நீல நாக்கு வந்தது. நடுநடுவே ஆரஞ்சு நிறப் பொறிகள் தெறித்தன. எனக்குச் சந்தேகம். "அது உப்பு சார். காத்துல வர்ற உப்பு தீயில பட்டா அப்படித்தான் மின்னும்" என்றார். சரிதான், உப்பிலுள்ள சோடியம் தீயில் மஞ்சளாக ஒளிர்வது பள்ளிக்கூட வேதியியல். பொறி வந்து மறைந்தால் கவலையில்லை. நாக்கின் நுனி முழுக்க மஞ்சளாகவே நின்று, பாத்திரத்தின் அடி கறுத்தால்தான் தவறு. அப்போது கேஸ் முழுதாக எரியவில்லை. கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மழைக்குக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அப்படிப்பட்ட தீயில் வெகு நேரம் சமைத்தால் தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிரையே வாங்கிவிடும்.

காற்றுக்கு அடைப்பு

அடுத்த வீட்டில் பிரச்சினை காற்று. வாடைக்காற்று அடிக்க ஆரம்பித்தால் அடுப்பு நின்று எரிவதில்லை என்று, அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தகரத்தை வளைத்து வைத்திருந்தார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் தகரம் அடுப்பை ஒட்டி நின்றதால் சூடு வெளியேறாமல் பின்பக்கம் போய் டியூப் முனையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த முனை மட்டும் நிறம் மங்கி இறுகிப்போயிருந்தது. தகரத்தை ஜன்னல் பக்கம் ஒரு முழம் தள்ளி நிறுத்தச் சொன்னார் மெக்கானிக். காற்று அடுப்பில் நேராகப் படக் கூடாது; அறைக்குள் வருவதைத் தடுக்கவும் கூடாது. தரையை ஒட்டிய கதவிடுக்கைச் சாக்கால் அடைத்திருந்ததையும் எடுக்கச் சொன்னார். கனமான கேஸ் வெளியேற அந்த இடுக்குதான் வழி.

காற்றில் அடுப்பு அணைந்தாலும் சரி, பால் பொங்கி அணைந்தாலும் சரி, நம் சாதாரண அடுப்புக்கு அது தெரியாது. கேஸ் வந்துகொண்டே இருக்கும். குளிர்நாடுகளில் நிலைமை வேறு. டொரன்டோவில் வாழும் நம் தமிழர்களின் வீட்டு நிலவறையில் வீட்டையே சூடாக்கும் கேஸ் உலை ஒன்று இருக்கும். தீ எரியாவிட்டால் உணரும் கருவி அதில் உண்டு; சில நொடிகளில் கேஸைத் தானே மூடிவிடும். அப்படியிருந்தும் அங்கே விபத்து நடக்காமல் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2008-இல் ஒரு குடும்பமே, அடைத்துக்கொண்ட புகைபோக்கி வழியாகத் திரும்பிய கார்பன் மோனாக்சைடில் இறந்தது. 2013-இல் நிறைவேறிய சட்டம் வீடுகளில் அதற்கான எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. அந்த உலைகளின் மேல் ஒட்டியிருக்கும் அறிவிப்பு இங்கேயும் அப்படியே பொருந்தும்: பற்றவைக்கும் முன் தரைக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பாருங்கள், தீ அணைந்திருந்தால் கேஸை மூடி ஐந்து நிமிடம் காத்திருங்கள், வாடை இருந்தால் மின்சுவிட்சைத் தொடாதீர்கள். தானாக மூடும் கருவி வைத்திருப்பவர்களுக்கே இத்தனை எச்சரிக்கை. நம் அடுப்பில் அந்தக் கருவியின் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும்.

கொட்டகையில்

கடற்கரையில் மீனவர்களின் கீற்றுக் கொட்டகைகள். ஒன்றில் குனிந்து நுழைந்தோம். ஒரு பக்கம் நைலான் வலைக் குவியல். மறுபக்கம் இன்ஜினுக்கான எண்ணெய் கேன்கள். நடுவில் மணல் தரையில் 5 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு. இரண்டு முழம் தள்ளி மூன்று கல் வைத்த விறகடுப்பில் சோறு கொதித்தது. டீக்கும் குழம்புக்கும் கேஸ், சோற்றுக்குக் கருவேல விறகு. சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்கிற சிக்கனம்.

மெக்கானிக்கின் குரல் முதன்முறையாக உயர்ந்தது இங்கேதான். கீற்றுக்குப் பயந்து அவர்கள் விறகடுப்பைத் தரையில் வைத்திருந்தார்கள். ஆனால் கேஸ் தேடி வருவது தரையைத்தான். டியூப்பில் சின்னக் கசிவு என்றாலும் மணல் மேல் ஊர்ந்து விறகடுப்பை எட்டிவிடும். பக்கத்தில் வலையும் எண்ணெயும். "ரெண்டுல ஒண்ணு வெளிய போகணும்ணே" என்றார். பேசிப் பார்த்ததில் விறகடுப்பு கொட்டகைக்கு வெளியே, காற்றுக்கு மறைவான பக்கம் போனது. கேஸ் அடுப்பை ஒரு மீன் பெட்டி மேல் பலகை போட்டு உயர்த்தினார்கள். அடுப்பு எப்போதும் சிலிண்டருக்கு மேல் மட்டத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் கேன்கள் படகுப் பக்கம் போயின.

தீரும் சமயம் சிலிண்டரைப் படுக்க வைத்து எரிப்பார்களாம். இன்னும் ஒரு வேளை ஓடும் என்று. படுக்க வைத்தால் உள்ளே உள்ள திரவம் அப்படியே ரெகுலேட்டருக்குள் வரும். திரவம் வெளியே வந்து வாயுவானால் ஏறக்குறைய 250 மடங்கு விரியும். ஒரு டீ போடுகிற தீ, ஆள் உயரத்துக்கு எழும்பும், மேலே கீற்று.

புயல் வந்தால்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரை கடந்தது. இந்தப் பகுதியில் யாரிடம் பேசினாலும் அந்த இரவுக்கு முன், அந்த இரவுக்குப் பின் என்றுதான் கதை பிரியும். முகாமுக்கு ஓடிய அவசரத்தில் சிலிண்டரை யார் நினைத்தார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை.

ஆனால் நினைக்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு: வீட்டுச் சிலிண்டரின் கொள்ளளவு 33 லிட்டருக்குச் சற்று மேல். நிறை சிலிண்டரின் மொத்த எடையோ 30 கிலோவுக்குப் பக்கம். விலக்கும் தண்ணீரைவிட எடை குறைவு. ஆகவே நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். வெள்ளம் புகுந்த வீட்டில் அது கிளம்பி மிதந்து டியூப்பை இழுத்துப் பிய்க்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் முன் ரெகுலேட்டரை மூடி, கழற்றி, வெள்ளை மூடியை அழுத்தி மாட்டி, சிலிண்டரை நிமிர்த்தி ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டிவிட்டுப் போக வேண்டும். இரண்டு நிமிட வேலை. அந்த மூடியைத் தொலைக்காமல் கயிற்றோடு தொங்க விடுவதன் பயன் அன்றைக்குத்தான் தெரியும். திரும்பி வந்ததும், கடல் தண்ணீர் பட்ட ரெகுலேட்டரைத் துடைத்து மாட்டிவிடக் கூடாது. அதன் உள்ளே சுருளும் மெல்லிய ரப்பர்த் தகடும் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் நுழைந்தால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் என்று நம்ப முடியாது. ஏஜென்சியில் கொடுத்து மாற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் போலிகளை வாங்கக் கூடாது.

கசிவு தெரிந்தால் செய்ய வேண்டியதும் இதே கைவேலைதான்: எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி, விறகடுப்பு எல்லாவற்றையும் அணைப்பது, ரெகுலேட்டரை மூடுவது, கதவு ஜன்னல்களைத் திறப்பது, எரிகிற மின்விளக்கை அணைக்கவும் வேண்டாம், அணைந்திருப்பதைப் போடவும் வேண்டாம், முடிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, சிலிண்டரை வெட்டவெளிக்குக் கொண்டு போவது, வெளியே வந்து 1906-ஐ அழைப்பது. நாடு முழுவதற்கும் இதுதான் கேஸ் கசிவுக்கான அவசர எண். விபத்து என்று வந்துவிட்டால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீடு உண்டு. அதற்கு நாம் தனியாகப் பணம் கட்டுவதில்லை. ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டியூப்பும் அடுப்பும் இருந்தால் கேள்வி எழும்.

யார் அணைப்பது?

மெக்கானிக் எந்த வீட்டிலும் வேலை முடிந்ததும் கிளம்பவில்லை. வீட்டில் இருந்த எல்லோரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டார். அக்கா வீட்டில் வீட்டுக்காரரும், எட்டாவது படிக்கும் மகனும் வந்தார்கள். "ரெகுலேட்டர ஆப் பண்ணுங்க பாப்போம்" என்றார். கடலில் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற வீட்டுக்காரர், ரெகுலேட்டர் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று தயங்கி நின்றார். பையன் செய்து காட்டினான். பிறகு அப்பாவும் செய்தார். மூடியை மாட்டவும் பழகினார்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. அடுப்படி பெண்களின் இடம் என்று ஒதுக்கிவிட்ட வீடுகளில், அவர்கள் கருவாடு காய வைக்கவோ ரேஷன் கடைக்கோ போயிருக்கும் நேரத்தில் கசிவு வந்தால் மூடத் தெரிந்த கை வீட்டில் இல்லை. 5 ஆண்டுக்கு ஒருமுறை ஏஜென்சி ஆள் வந்து இணைப்பைச் சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உள்நாட்டு ஊர்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். கோடியக்கரை முதல் நாகை வரையிலான கடற்கரைக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கும் மீன்பிடிப் பருவத்துக்கும் முன்னால், புரட்டாசிக் கடைசியில் நடந்தாக வேண்டும். மீனவர் கொட்டகைகளையும் சேர்த்து. அதை ஊராட்சியோ, மீனவர் கூட்டுறவுச் சங்கமோ ஏஜென்சியிடம் கேட்டு வாங்கலாம்.

அதுவரை செலவில்லாத வழி ஒன்றை அக்கா வீட்டுச் சுவரில் மெக்கானிக் எழுதிவிட்டு வந்தார்: டியூப் மாற்றிய மாதம், அடுப்பு பிரித்த மாதம், 1906. அதற்குக் கீழே பையன் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தான்: 'ராத்திரி ரெகுலேட்டர் - அப்பா'. அப்பா மறுப்புச் சொல்லவில்லை.